பெறுபேறுகளுக்கு முன்னர் தேவைப்படும் பணம்

க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் வாரத்தில் எமது ஊர்களில் வழமையாக ஒரு காட்சியைக் காணலாம். மருத்துவ பீடத்துக்கோ பொறியியல் பீடத்துக்கோ தெரிவாகக்கூடிய பிள்ளையின் வீட்டுக்குப் பொன்னாடையுடன் ஆட்கள் வருவார்கள். சந்தியில் பெனர் தொங்கும். லெப்டொப் வாங்கித் தர ஒருவர், பணப்பரிசு தர இன்னொருவர் எனத் தனவந்தர்கள் முன்வருவார்கள். இதைக் குறை கூறுவது எனது நோக்கமல்ல. ஆனால் அதே பிள்ளையுடன் ஐந்தாம் ஆண்டில் ஒரே வாங்கில் இருந்தவர்களில் எத்தனை பேர் உயர்தரப் பரீட்சை மண்டபம் வரை வந்தார்கள் என்று அந்த வாரத்தில் எவரும் கேட்பதில்லை.

எமது ஊர்ப் பள்ளிவாசலின் கல்வி நிதியத்தில் பல வருடங்களாக இருக்கிறேன். அதற்கு முன்னர் நானே அடுத்தவர் பணத்தில் படித்தவன். இரு பக்கமும் நின்று பார்த்தவன் என்ற வகையில் சில விடயங்களைச் சொல்லலாம் என நினைக்கிறேன்.

இலவசக் கல்வி உள்ள நாட்டில் ஏன் தனியாக உதவ வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா காலத்தில், 1945 இல், இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980 இல் இலவசப் பாடநூல்களும் 1993 இல் இலவசச் சீருடைத் துணியும் வந்தன. பல்கலைக்கழகத்திலும் கட்டணம் இல்லை. இவை இல்லாவிட்டால் எமது சமூகத்தில் இன்றுள்ள வைத்தியர்களிலும் ஆசிரியர்களிலும் பெரும்பாலானோர் உருவாகியிருக்க மாட்டார்கள். ஆனால் பாடசாலைக் கட்டணம் என்பது செலவுகளில் ஒன்று மட்டுமே. பஸ் காசு, சப்பாத்து, போட்டோகொப்பி, டியூசன், வேறு ஊரில் தங்கிப் படித்தால் அறை வாடகை, சாப்பாடு என மற்றவை அப்படியே இருக்கின்றன. எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு எந்தக் கணக்கிலும் வராதது. பதினாறு வயதுப் பையன் கரைவலை இழுத்தாலோ மேசனுக்குக் கையாளாகப் போனாலோ மாலையில் வீட்டுக்குக் காசு வரும். அவன் வகுப்பில் இருந்தால் அந்தக் காசு வராது. வறிய குடும்பம் ஒன்று பிள்ளையைப் படிக்க வைக்கும்போது உண்மையில் செலுத்தும் விலை அதுதான்.

இதை முதலில் விளங்கிக்கொண்டவர்களில் ஒருவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். இலங்கை சிவில் சேவையில் இணைந்த முதலாவது முஸ்லிம் அவர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகக் கடமையாற்றியபோது அப்பகுதி மக்களின் வறுமையை நேரில் கண்டார். சுவாமி விபுலாநந்தரின் நட்பும் அங்குதான் கிடைத்தது. 1942 இல் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்தார். அதன் தொடர்ச்சியாக 1945 இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தை உருவாக்கினார். ஆண்டைக் கவனியுங்கள். இலவசக் கல்வி வந்த அதே 1945. கட்டணம் நீங்கும்போதே மற்றச் செலவுகளுக்கு ஒரு நிதியம் தேவை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பின்னர் 1948 இல் சிவில் சேவையையே விட்டு விலகி ஸாஹிரா கல்லூரியின் அதிபர் பதவியை ஏற்றார். இன்று அப்படி ஒருவர் செய்தால் அவரது குடும்பத்தார் என்ன சொல்வார்கள் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

எனது கதை சிறியது. வாப்பா கடலுக்குப் போகிறவர். எமது ஊரில் அப்போது உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லை. பக்கத்து நகரத்தில் ஓர் அறையில் மூன்று பேருடன் தங்கிப் படித்தேன். கொழும்பு இரண்டாம் குறுக்குத் தெருவில் புடைவைக் கடை வைத்திருந்த எமது ஊர் ஹாஜியார் ஒருவர் மாதாமாதம் ஐந்நூறு ரூபா அனுப்புவார். லொறிச் சாரதி கடித உறையில் கொண்டு வந்து தருவார். நான் மேடை ஏறியதில்லை, படம் எடுக்கப்பட்டதும் இல்லை. தவணைப் பரீட்சை முடிந்ததும் புள்ளி அட்டையை மட்டும் அவருக்கு அனுப்ப வேண்டும். ஒரு தவணை பௌதிகவியலில் விழுந்துவிட்டேன். காசு நின்றுவிடும் எனப் பயந்துகொண்டிருந்தேன். அடுத்த உறையில் நூறு ரூபா கூடுதலாக இருந்தது. கூடவே ஒரு துண்டு: "அந்தப் பாடத்துக்கு ஒரு வகுப்புக்குப் போங்க மனே." அந்தத் துண்டு இன்றும் என்னிடம் இருக்கிறது.

ஹாஜியாரிடம் நான் பெற்றதை எமது நிதியம் பல வருடங்களாகப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தவறியது. நாங்களும் பரிசளிப்பு விழாதான் நடத்தினோம். ஒரு வருடம் சாதாரண தரத்தில் திறமையாகச் சித்தியடைந்த ஒரு பையனுக்கு மேடையில் இருபத்தைந்தாயிரம் ரூபா கொடுத்தோம். படம் முகநூலில் போடப்பட்டது. இரண்டு மாதங்களின் பின் அவன் கொழும்பில் கடையொன்றில் நிற்கிறான் என்று கேள்விப்பட்டு உம்மாவிடம் போய்க் கேட்டேன். கூரைத் தகடு மாற்றியதிலும் பழைய கடனிலும் காசு முடிந்துவிட்டதாம். "அவனுக்குத் தந்ததுதான், ஆனா மழ பெய்யுதே" என்றார். அவரில் எந்தப் பிழையும் இல்லை. படம் வந்ததற்குப் பின் வகுப்பில் அவனை ஸகாத்துப் பையன் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அதையும் அன்றுதான் அறிந்தேன். பிழை எங்களுடையது.

அதன் பின்னர் மூன்று மாற்றங்களைச் செய்தோம். தொகை மாதாந்தம் வங்கி மூலம் செல்கிறது. படம் எடுப்பதில்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதும் முன்பே பிள்ளைகளைத் தெரிவு செய்கிறோம். மூன்றாவதுதான் முக்கியமானது. இந்த நாட்டில் பிள்ளைகள் கல்வியை விட்டு விலகுவது பெரும்பாலும் வகுப்பறையில் அல்ல, காத்திருக்கும் காலத்திலேயே. சாதாரண தரப் பரீட்சைக்கும் பெறுபேறுக்கும் இடையில் சில மாதங்கள். உயர்தரத்துக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையில் அதைவிட நீண்ட காலம். அந்த இடைவெளியில் கடைக்கு "சும்மா" போன பையன் பலவேளை திரும்பி வருவதில்லை. கட்டார் விசா வந்துவிட்டால் கதை முடிந்தது.

அரச உதவிகளும் பெரும்பாலும் இந்த இடைவெளியைத் தாண்டியவர்களுக்கே கிடைக்கின்றன. லலித் அத்துலத்முதலியின் முயற்சியில் உருவான மஹாபொல நிதியம் 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மஹாபொல மாதக் கொடுப்பனவை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்த முன்மொழியப்பட்டது. வரவேற்க வேண்டியதே. ஆனால் அது பல்கலைக்கழகம் சென்ற பின்னர் ஆரம்பிக்கும் உதவி. 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டபோது எங்களிடம் வந்த விண்ணப்பங்களில் அதிகமானவை பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுடையவை. சில வீடுகளில் பஸ் காசா, அரிசியா என்ற கேள்வி இருந்தது.

யாருக்கு உதவுவது என்பதிலும் எமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. வைத்தியராகப் போகும் பிள்ளைக்கு அனுசரணையாளர்கள் வரிசையில் நிற்பார்கள். கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவான பெண் பிள்ளைக்கு எவரும் இல்லை. அட்டாளைச்சேனையிலோ தர்கா நகரிலோ விடுதியில் சேரும்போது கட்டில் விரிப்பு முதல் உடுப்பு வரை ஆரம்பச் செலவு ஒன்று வரும். அதைச் சமாளித்தால் சில வருடங்களில் அந்தக் குடும்பத்துக்கு நிரந்தரச் சம்பளம் ஒன்று வரும். சாதாரண தரத்துடன் நிற்பவர்களுக்கும் வழி உண்டு. மொரட்டுவையிலுள்ள இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனமும் தொழிற் பயிற்சி அதிகார சபையின் நிலையங்களும் என்.வீ.கியூ. சான்றிதழ் வரை கொண்டு செல்கின்றன. அங்கு எமது பிள்ளைகளுக்குத் தடையாக இருப்பது தங்குமிடமும் கருவிப் பெட்டியும்தான். மருத்துவ மாணவர் ஒருவருக்கு ஐந்து வருடம் உதவும் பணத்தில் இப்படிப் பலரைக் கரை சேர்க்கலாம். நிதியத்தில் எல்லோரும் இதை ஏற்றுக்கொள்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெனரில் போடுவதற்கு டொக்டர்தான் நல்லது என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர்தான் அதிகம் தருபவரும்.

ஸகாத்தைக் கல்விக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வியும் அடிக்கடி வரும். உலமாக்களிடம் கேட்டு, ஸகாத் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, பெறத் தகுதியுள்ள வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்கிறோம். ஏனையோருக்கு ஸதகாவிலிருந்து கொடுக்கிறோம்.

நிதியம் வற்றாமல் இருக்க இஸ்லாமிய அபிவிருத்தி வங்கியின் முறையைப் பார்க்கலாம். அங்கத்துவம் இல்லாத நாடுகளின் முஸ்லிம் சமூகங்களுக்கான அதன் புலமைப்பரிசில் திட்டம் 1983 இல் ஆரம்பமானது. பணம் சமூகத்துக்கு நன்கொடை, மாணவருக்கோ வட்டியில்லாக் கடன். தொழில் கிடைத்ததும் அவர் திருப்பிச் செலுத்துவது வங்கிக்குப் போவதில்லை, அவரது நாட்டிலேயே அடுத்த மாணவர்களுக்கான நிதியாகிறது. எமது நிதியத்தில் கடன் பத்திரம் எதுவும் இல்லை. முடிந்தால் ஒரு பிள்ளையை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்போம். சிலர் தொலைபேசியை எடுப்பதே இல்லை. சிலர் நாம் கேட்கும் முன்பே தொடங்கிவிடுகிறார்கள்.

அவர்களில் ஒருவர் குளிரூட்டித் திருத்துநராக வெளிநாட்டில் வேலை செய்கிறார். ஒரு பிள்ளைக்கு மாதாமாதம் அனுப்புகிறார். பிள்ளையின் பெயரை அவருக்குச் சொல்வதில்லை. பெயரை மறைத்துப் புள்ளி அட்டையின் படத்தை மட்டும் வட்ஸ்அப்பில் அனுப்புவோம். சென்ற தவணை அட்டையைப் பார்த்துவிட்டு அவரிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது: "சேர், கணிதம் ஏன் முப்பத்தெட்டு? வகுப்புக்குப் போறல்லயா?" அடுத்த மாதம் வந்த தொகையில் வகுப்புக் காசும் சேர்ந்திருந்தது.