இந்திரா கிளப்பில் 48 இரவுகள்



மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று கமிட்டியில் கேட்டார்கள். சாதித்தவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் சாதனைக்கு முந்தைய கதை ஒன்றைச் சொல்கிறேன். ஹாஸ்டலில் கிட்டாரைத் தொட்டவன் எல்லாம் பெயர் சொல்லிப் பீற்றிக்கொள்வானே, அந்த பீட்டில்ஸ் கதைதான்.

1960 ஆகஸ்ட் 16. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலிருந்து ஒரு வேன் கிளம்பியது. உள்ளே ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ஸ்டூவர்ட் சட்கிளிஃப், பீட் பெஸ்ட். மூத்தவன் ஸ்டூவர்ட்டுக்கு 20 வயது, இளையவன் ஜார்ஜுக்கு 17. ஸ்டூவர்ட் ஓவிய மாணவன். ஓவியம் விற்ற காசைப் போட்டு பேஸ் கிட்டார் வாங்கியவன். டிரம்ஸுக்கு ஆள் இல்லாமல், புறப்படச் சில நாட்களே இருக்கும்போது பீட்டைச் சேர்த்தார்கள்.

மறுநாள் ஜெர்மனியின் துறைமுக நகரமான ஹாம்பர்க். வாசித்த இடத்தின் பெயர் இந்திரா கிளப். வாசலில் யானை போர்டு வேறு! இந்திரலோகம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு முன் அங்கே ஆடை அவிழ்க்கும் நடனம்தான் நடந்தது. கூட்டமும் பெரிதாக இல்லை.

தங்கிய இடமோ அதைவிட மோசம். பாம்பி கினோ என்ற சினிமா தியேட்டரில், திரைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத சாமான் அறை. பக்கத்திலேயே கழிப்பறை, முகம் கழுவ அங்கிருந்த பச்சைத் தண்ணீர். ராத்திரி வாசித்துவிட்டு வந்து படுத்தால், பகலில் படத்தின் சத்தம் எழுப்பிவிடும். ஆளுக்கு ஒரு நாள் சம்பளம் 30 மார்க்.

வேலை நேரம்? வார நாட்களில் நாலரை மணி, சனி ஞாயிறில் 6 மணி. இன்ஜினியர் புத்தி சும்மா இருக்குமா, கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆகஸ்ட் 17 முதல் அக்டோபர் 3 வரை 48 இரவுகள். ஏறக்குறைய 237 மணி நேரம்! ஊரில் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துப் பழகியவர்களுக்குத் தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோகுமே. புதுசு கற்றார்கள், ஒரே பாட்டை இழுத்து இழுத்து வாசித்தார்கள். மேடையில் மரம் மாதிரி நின்றால் கிளப் முதலாளி புருனோ கோஷ்மிடர் "மாக் ஷௌ!" என்று கத்துவார். ஷோ காட்டுங்கடா என்று அர்த்தம். குதித்தார்கள், உருண்டார்கள், ஆட்களை உள்ளே இழுத்தார்கள். கடைசியில் சத்தம் தாங்கவில்லை என்று புகார் வர, அவர்களை கைசர்கெல்லர் என்ற பெரிய கிளப்புக்கு மாற்றினார் முதலாளி.

நவம்பரில் வயது குறைவு என்று ஜார்ஜைப் போலீஸ் திருப்பி அனுப்பியது. மற்றவர்களும் ஒவ்வொருவராக ஊர் திரும்ப, ஸ்டூவர்ட் மட்டும் அங்கேயே தங்கினான். டிசம்பர் 27 அன்று லிவர்பூல் பக்கத்தில் லிதர்லண்ட் டவுன் ஹாலில் வாசித்தபோது கூட்டம் மேடையை நோக்கி ஓடி வந்தது. யாரோ ஜெர்மன்காரர்கள் என்றுகூடச் சிலர் நினைத்தார்களாம்!

இதோடு நிறுத்தினால் இது வெறும் வெற்றிக் கதை. 1962 ஏப்ரலில் ஹாம்பர்க்கிலேயே மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு ஸ்டூவர்ட் இறந்தான். வயது 21. அதே ஆகஸ்டில் பீட்டை நீக்கிவிட்டு ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்தார்கள். 1964 பிப்ரவரியில் அமெரிக்க டெலிவிஷனில் சுமார் 7.3 கோடிப் பேர் பீட்டில்ஸைப் பார்த்தார்கள். அந்தச் சாமான் அறையில் குளிரில் படுத்த ஐந்து பேரில் இரண்டு பேர் அந்த மேடையில் இல்லை.

நம்ம லைட் மியூசிக் குழுவும் மெஸ்ஸுக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில்தான் பழகியது. ஞாபகம் இருக்கா? எங்களுக்குத் தாளம் பிடித்தவன் வீட்டுக் கஷ்டத்தால் மூன்றாம் வருடம் படிப்பை விட்டுப் போனான். நான்காம் வருடம் நாங்கள் கோப்பை வாங்கிய போட்டோவில் அவன் இல்லை. அவனை நாங்களும் தேடவில்லை. இன்றுவரை உறுத்துகிறது.

தம்பி தங்கைகளே, காலி நாற்காலிகளுக்கு முன்னால் வாசிக்க வெட்கப்படாதீர்கள். 237 மணி நேரம் வீண்போகாது. ஆனால் அந்த நேரத்தில் உங்களோடு யார் இருந்தார்கள் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டேய், இது உன் கண்ணில் பட்டால் அடுத்த சந்திப்புக்கு வாடா. டிகிரி இல்லை என்று தயங்காதே. உன் இடம் மேடையில் அப்படியே இருக்கிறது.