வீட்டுக்குள் விழுந்த அடியும் நீதிமன்ற வாசலும்



தேக்காவில், லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறினால் மூன்றாவது நிலையம் சைனாடவுன். அங்கிருந்து சற்று நடந்தால் ஹேவ்லாக் சதுக்கம். சிங்கப்பூரின் அரசு நீதிமன்றங்கள் அங்கேதான் இருக்கின்றன. சிறிது நேரப் பயணம்தான். ஆனால், வீட்டுக்குள் கணவனிடம் அடிபட்ட ஒரு பெண்ணின் வழக்கு அந்த வாசலை முறையாக எட்டுவதற்குச் சட்டத்திற்கு நூறாண்டுக்கும் மேல் தேவைப்பட்டது. அந்த வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். கேட்டுக்கொண்டே வரும்போது ஒரே ஒரு கேள்வியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வழக்கைச் சுமக்க வேண்டியவர் யார்? அடிபட்டவரா, அரசாங்கமா?

சிங்கப்பூர் நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்றாக இருந்த காலத்தில், 1871ஆம் ஆண்டு, தண்டனைச் சட்டத் தொகுப்பு இயற்றப்பட்டது. மறு ஆண்டு அது நடப்புக்கு வந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமே அதற்கு மூலம். அதன் 323ஆம் பிரிவு, ஒருவர் மற்றொருவருக்கு வேண்டுமென்றே காயம் விளைவிப்பது குற்றம் என்று சொல்கிறது. அடித்தவர் அயலாரா, கணவரா என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. கணவனுக்கு அதில் விதிவிலக்கும் இல்லை.

அப்படியானால் மனைவியை அடித்தவர்கள் தண்டிக்கப்பட்டிருக்க வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. குறை குற்றத்தின் வரையறையில் இல்லை. வழக்கு நடக்கும் முறையில் இருந்தது. 323ஆம் பிரிவின் குற்றம், பிடியாணை இல்லாமல் காவலர் கைது செய்ய முடியாத குற்றங்களின் வரிசையில் வைக்கப்பட்டிருந்தது. அடிபட்ட பெண் காவல் நிலையத்திற்குப் போனால் புகாரைப் பதிவு செய்துகொள்வார்கள். அதற்கு மேல் வேண்டுமானால் நீதிபதியிடம் முறையிட்டுக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள்.

அந்த முறையீடு எப்படி நடக்கும்? அவர் நீதிமன்றத்திற்குச் சென்று மனு கொடுக்க வேண்டும். நீதிபதி அவரைச் சத்தியப் பிரமாணத்தின் பேரில் விசாரிப்பார். காவல்துறையை விசாரிக்கச் சொல்லலாம். இருவரையும் அழைத்துச் சமரசம் பேசச் சொல்லலாம். அல்லது எதிராளிக்கு அழைப்பாணை அனுப்பலாம். அழைப்பாணை போய்விட்டால், வழக்கை நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் அந்தப் பெண்ணின் தலையில்தான் விழும். சாட்சியை அவரே தேட வேண்டும். மருத்துவச் சான்றை அவரே கொண்டுவர வேண்டும். வீட்டுக்குள் நடந்ததற்குச் சாட்சி யார்? பிள்ளைகள், மாமியார், சுவருக்கு அப்பால் குரல் கேட்ட அண்டை வீட்டார். இவர்களில் எத்தனை பேர் நீதிமன்றப் படி ஏறுவார்கள்?

இன்னொன்றும் உண்டு. இது இருதரப்பும் சமாதானம் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றம். புகார் கொடுத்தவர் மன்னித்துவிட்டால் வழக்கும் முடிந்துவிடும். கடைக்காரர் இருவரின் சண்டைக்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் காலையில் புகார் கொடுத்துவிட்டு மாலையில் அதே வீட்டுக்குத் திரும்பிச் சோறாக்க வேண்டிய ஒருத்திக்கு? பிராதைத் திரும்பப் பெறு என்று கணவன் வீட்டாரும், சில வேளைகளில் பெற்றவர்களும், ஊர்ப் பெரியவர்களும் சுற்றி நின்று சொல்லும்போது, மன்னிப்பு என்ற சொல்லுக்கு என்ன பொருள் இருக்க முடியும்?

1952இல் தோன்றிய சிங்கப்பூர் மாதர் மன்றமும் அதன் முன்னோடியான ஷிரின் ஃபோஸ்தார் அம்மையாரும் பலதார மணத்திற்கு எதிராகப் போராடினார்கள். சட்டமன்றத்தில் சான் சோய் சியோங் அம்மையார் அதே கோரிக்கையை எழுப்பினார். அதன் விளைவாக 1961 மே மாதம் மாதர் சாசனம் நிறைவேறி, அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் நாள் நடப்புக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதாருக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பது சட்டமாயிற்று. திருமணப் பதிவும் ஜீவனாம்சமும் உறுதி பெற்றன. வழக்கப்படி தாலி கட்டிக்கொண்டு, ஆவணம் ஏதுமின்றி வாழ்ந்த தமிழ்ப் பெண்களுக்கு இது பெரிய அரணாக அமைந்தது. எனினும், வீட்டு வன்முறையைத் தடுக்கும் முழுமையான ஏற்பாடு அன்று உருவாகவில்லை. பின்னர் சேர்ந்த பாதுகாப்பு ஆணைகளும் மனைவி, பிள்ளைகள் என்ற வட்டத்தோடு நின்றன.

இதற்கிடையில் அண்டை நாடுகள் நகர்ந்தன. நம்முடைய சட்டத்திற்கு மூலமான இந்தியத் தண்டனைச் சட்டத்தில், கணவனும் அவன் உறவினரும் செய்யும் கொடுமையைத் தனிக் குற்றமாக்கும் 498ஏ பிரிவு 1983இல் சேர்க்கப்பட்டது. மலேசியா 1994இல் குடும்ப வன்முறைக்கென்று தனிச் சட்டம் இயற்றியது.

சிங்கப்பூரில் 1995ஆம் ஆண்டு, நியமன நாடாளுமன்ற உறுப்பினரும் எலும்பு அறுவை மருத்துவருமான டாக்டர் கன்வல்ஜித் சோயின் குடும்ப வன்முறை மசோதா ஒன்றைத் தனி உறுப்பினர் மசோதாவாகக் கொண்டுவந்தார். மசோதா தோற்றது. தனிச் சட்டம் தேவையில்லை, இருக்கின்ற சாசனத்தையே திருத்தலாம் என்பது அரசாங்கத்தின் நிலை. ஆனால் விதைத்தது வீண்போகவில்லை. மறு ஆண்டே மாதர் சாசனம் திருத்தப்பட்டு, 1997 மே முதல் நாள் நடப்புக்கு வந்தது. அவர் கேட்டவற்றுள் பல அதில் இடம்பெற்றன. முன்னாள் கணவன் மனைவி, பெற்றோர், மாமனார் மாமியார், உடன்பிறந்தோர் எல்லாரும் பாதுகாப்பு வட்டத்திற்குள் வந்தனர். அடிப்பது மட்டுமல்லாமல், அச்சுறுத்துவதும், அடைத்து வைப்பதும், வேதனை தரும் நோக்கத்தோடு இடைவிடாது தொல்லை செய்வதும் வன்முறை என வரையறுக்கப்பட்டன. சாசனத்தின் இந்தப் பகுதி முஸ்லிம் குடும்பங்களுக்கும் பொருந்தும் என்பதை நம் தமிழ் முஸ்லிம் நேயர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதன் பயனாக இன்று இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று பாதுகாப்புப் பாதை. மற்றது தண்டனைப் பாதை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் நீதிமன்றம் என்றதும் அஞ்சுகிறார்கள்.

பாதுகாப்புப் பாதை குடும்ப நீதிமன்றத்திற்குச் செல்கிறது. அங்கே தனிநபர் பாதுகாப்பு ஆணைக்கு விண்ணப்பிக்கலாம். வன்முறை நடந்திருக்கிறது அல்லது நடக்கக்கூடும், ஆணை இன்றியமையாதது என்ற இரண்டையும் காட்டினால் போதும். இரு தரப்பில் எது கூடுதலாக நம்பத்தக்கது என்று நீதிபதி எடை போடுவார். ஆபத்து உடனடியானதாக இருந்தால், எதிர்த்தரப்பைக் கேட்கும் முன்பே விரைவு ஆணை பிறப்பிப்பார். இதனால் யாரும் சிறைக்குப் போவதில்லை. ஆணையை மீறினால்தான் அது குற்றமாகிறது. 1997இல் முதல் முறை மீறியவருக்கு 2,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்று விதிக்கப்பட்டது. இங்கே ஒரு முக்கியமான மாற்றத்தைக் கவனியுங்கள். ஆணையை மீறியவரைக் காவலர் பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். முன்பு காவல் நிலையத்தில் மூடியிருந்த கதவை இந்த ஆணை திறந்துவிட்டது.

இனித் தண்டனைப் பாதை. புகார் வந்ததும் விசாரணை அதிகாரி வாக்குமூலம் வாங்குகிறார். மருத்துவ அறிக்கை பெறப்படுகிறது. குற்றம் சாட்டுவதா, எந்தப் பிரிவின் கீழ், என்பதை முடிவு செய்யும் அதிகாரம் அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் இருக்கிறது. பிறகு, குற்றஞ்சாட்டப்பட்டவர் அரசு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, குற்றச்சாட்டு வாசிக்கப்படுகிறது. பிணை கேட்கலாம். பாதிக்கப்பட்டவரை அணுகக் கூடாது என்ற நிபந்தனை பிணையில் சேர்வதுண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டால் நடந்தவை வாசிக்கப்பட்டுத் தண்டனை அறிவிக்கப்படும். மறுத்தால் வழக்கு விசாரணைக்குப் போகும். அங்கே, ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டிய கடமை அரசுத் தரப்பினுடையது.

இந்தப் பாதையில் அந்தப் பெண் வழக்காளி அல்லர், சாட்சி. இது சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். நான் கொடுத்த புகாரை நானே திரும்பப் பெற முடியாதா என்று கேட்பார்கள். 2011ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, விசாரணை தொடங்கிவிட்டாலோ குற்றம் சாட்டப்பட்டுவிட்டாலோ, அரசுத் தரப்பு வழக்கறிஞரின் சம்மதம் இல்லாமல் சமாதானமாக முடிக்க இயலாது. இது அவரின் உரிமையைப் பறிப்பதுபோல் தோன்றலாம். ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். பிராதைத் திரும்பப் பெறு என்று நெருக்கும் உறவினரிடம், அது இனி என் கையில் இல்லை என்று அவரால் சொல்ல முடிகிறது. அந்த ஒரு வாக்கியம் பல பெண்களுக்குக் கவசம்.

சாட்சிக் கூண்டில் தமிழில் பேசலாம், மொழிபெயர்ப்பாளர் உண்டு. ஆனாலும் எச்சரிக்கை வேண்டும். நம் பெண்கள், அடித்தார் என்று வெளிப்படையாகச் சொல்லக் கூசி, கை நீட்டிவிட்டார் என்பார்கள். கொஞ்சம் கோபக்காரர் என்பார்கள். தமிழ் அறிந்தவருக்கு அதன் பொருள் விளங்கும். நீதிமன்றப் பதிவேட்டுக்கு அது போதாது. எந்தக் கையால், எதைக் கொண்டு, எந்த இடத்தில், எத்தனை முறை என்று சொல்ல வேண்டும். மரியாதை கருதி மறைக்கும் சொல், வழக்கின் வலுவைக் குறைத்துவிடும்.

தண்டனையும் காலப்போக்கில் கடுமையானது. 323ஆம் பிரிவின் அதிகபட்சச் சிறை 2008இல் 2 ஆண்டாகவும், 2020இல் 3 ஆண்டாகவும் உயர்ந்தது. 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து, நெருங்கிய உறவில் உள்ளவருக்கு இழைக்கும் குற்றத்திற்கு அதிகபட்சத்தின் இரு மடங்கு வரை தண்டிக்கலாம். மனைவியை வன்புணர்ந்த கணவனுக்குச் சட்டம் அளித்துவந்த விலக்கும் அன்றே முற்றாக நீங்கியது. குடும்பத் தகராறுதானே என்று தண்டனையைக் குறைக்கக் காட்டப்பட்ட காரணமே, தண்டனையைக் கூட்டும் காரணமாக மாறியது.

2020இல் அமைந்த குடும்ப வன்முறைப் பணிக்குழு, மறு ஆண்டு 16 பரிந்துரைகளை வழங்கியது. 2023இல் நிறைவேறிய சாசனத் திருத்தம் 2025 ஜனவரி 2ஆம் நாள் நடப்புக்கு வந்தது. மனத்தை ஒடுக்கிக் கட்டுப்படுத்தி ஆள்வதும் வன்முறை எனத் தெளிவாயிற்று. 18 வயதானவர் தாமே விண்ணப்பிக்கலாம். ஆணையை மீறுவோருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை. எல்லாவற்றிலும் பெரிய மாற்றம், பாதிக்கப்பட்டவர் முன்வர இயலாதபோது அவர் சார்பில் அரசாங்க அதிகாரியே ஆணைக்கு விண்ணப்பிக்கலாம் என்பது. 2025 ஏப்ரல் முதல், சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் அவசரகாலக் குழுவினரும் காவலரோடு இணைந்து சம்பவ இடத்திற்குச் செல்கிறார்கள்.

நேயர்களே, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கிடைத்திருக்கும். வழக்கு என்ற சுமை, அடிபட்டவரின் தோளிலிருந்து அரசாங்கத்தின் தோளுக்குச் சிறிது சிறிதாக மாறி வந்ததுதான் இந்த வரலாறு. ஆயினும் முழுச் சுமையும் மாறிவிடவில்லை. முதல் சொல்லை இன்னமும் யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும். அது அவராக இருக்கலாம். சுவருக்கு அப்பால் குரல் கேட்ட நீங்களாகவும் இருக்கலாம். ஆபத்து என்றால் 999. ஆலோசனை வேண்டுமானால் 1800-777-0000 என்ற தேசிய உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது. கம்போங் கப்போர் சாலையில் ரோச்சோர் அக்கம்பக்கக் காவல் நிலையம் இருக்கிறது. காயம் பட்டால் அன்றே மருத்துவரிடம் காட்டி, எப்படிப் பட்டது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். படியில் விழுந்தேன் என்று சொல்லாதீர்கள். அன்று எழுதப்படும் அந்தக் குறிப்புதான், பின்னொரு நாளில் நீதிமன்றத்தில் உங்களுக்காகப் பேசும்.

வணக்கம்.