தொழில் வழிகாட்டல்

தொழில் வழிகாட்டல் என்பது ஒருவர் தம் இயல்பையும் திறனையும் அறிந்து, அவற்றுக்குப் பொருந்தும் பணியைத் தெரிவு செய்யவும், அதற்கான கல்வியையும் பயிற்சியையும் திட்டமிடவும் உதவும் துறை ஆகும். ஒரு குறிப்பிட்ட தொழிலைக் கற்பிக்கும் தொழிற்கல்வியிலிருந்து இது வேறானது. தந்தையின் தொழிலை மகன் தொடர்வது வழக்கமாக இருந்த சமூகங்களில் இதற்குப் பெரிதும் தேவை இருக்கவில்லை. ஆலைகளும் பெருநகரங்களும் பெருகி, இளைஞர் முன் முன்பின் அறியாத பல வேலைகள் தோன்றிய பின்னரே இது தனித்துறையாக உருப்பெற்றது. ஐக்கிய அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1908 சனவரியில் பிராங்க் பார்சன்ஸ் (1854–1908) தொடங்கிய வழிகாட்டல் நிலையம் இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

பார்சன்சும் பாஸ்டன் நிலையமும்

அக்காலத்தில் பாஸ்டனின் வடபகுதியில் இத்தாலியர், யூதர் முதலான குடியேறிகள் நெருக்கமாக வாழ்ந்தனர். அவர்களின் பிள்ளைகளில் பலர் 14 வயதளவில் பள்ளியை விட்டுக் கிடைத்த வேலையில் சேர்ந்தனர். கடிதம் கொண்டு செல்லுதல், கடையில் எடுபிடி வேலை போன்றவை சிறுவர்களுக்கு எளிதில் கிடைத்தன. ஆனால் சில ஆண்டுகள் கழிந்தபின் அவற்றிலிருந்து மேலே செல்ல வழி இருக்கவில்லை. கற்ற தொழில் எதுவுமின்றி இளமை கழிந்துவிடும் இந்நிலையை மாற்றவே நிலையம் தொடங்கப்பட்டது. பாலின் அகாசி ஷா என்னும் கொடையாளர் இதற்குப் பொருளுதவி செய்தார். எனவே இத்துறை உளவியல் ஆய்வுக்கூடத்தில் அன்றி, ஏழை இளைஞருக்கான சமூகப் பணியாகவே பிறந்தது எனலாம்.

பார்சன்சின் வாழ்க்கையும் இங்கு கவனிக்கத்தக்கது. கட்டடப் பொறியியல் பயின்ற அவர் ஒரு தொடருந்து நிறுவனத்தில் பணியாற்றினார். 1873 ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் அந்நிறுவனம் நொடித்துப் போனது. அதன்பின் இரும்பாலைத் தொழிலாளராகவும், பள்ளி ஆசிரியராகவும், வழக்கறிஞராகவும், சட்டப் பேராசிரியராகவும் இருந்தார். 1895 இல் பாஸ்டன் மேயர் தேர்தலில் நின்று தோற்றார். ஒரே தொழிலில் நிலைத்திராத ஒருவரே தொழில் தெரிவுக்கு முறை வகுத்தார்.

அவரது முறை மூன்று படிகளைக் கொண்டது. முதலில் ஒருவர் தம் ஆற்றல், விருப்பம், குறைகள், வசதிகள் ஆகியவற்றைத் தெளிவாக அறிய வேண்டும். அடுத்து வெவ்வேறு தொழில்களுக்கு வேண்டிய தகுதிகள், அவற்றில் கிடைக்கும் ஊதியம், எதிர்கால வாய்ப்பு ஆகியவற்றை அறிய வேண்டும். பின்னர் இவ்விரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். நாடி வந்தவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட வினாக்களுக்கு விடை எழுதினர். கண்ணாடி முன் நின்று தம் தோற்றத்தையும் பேச்சையும் கவனிக்குமாறும், நண்பர்களிடம் தம்மைப் பற்றிக் கேட்டறியுமாறும் கூறப்பட்டனர். முடிவைப் பிறர் எடுத்துக் கொடுக்கக் கூடாது, உரியவரே எடுக்க வேண்டும் என்பதில் பார்சன்ஸ் உறுதியாக இருந்தார். எனினும் தலையின் வடிவத்தைக் கொண்டு ஒருவரின் இயல்பைக் கணிக்கலாம் என்றும் அவர் நம்பினார். அக்காலத்தில் பரவலாக இருந்த இந்நம்பிக்கைக்கு அறிவியல் அடிப்படை இல்லை.

நிலையம் தொடங்கிய அதே ஆண்டு செப்டம்பரில் பார்சன்ஸ் இறந்தார். அவரது நூல் 1909 இல் வெளிவந்தது. 1913 இல் அமெரிக்காவில் இத்துறைக்கெனத் தேசியச் சங்கம் ஒன்று அமைக்கப்பட்டது.

பிற்கால வளர்ச்சி

தலை வடிவத்தின் இடத்தை உளவியல் தேர்வுகள் பிடித்தன. 1927 இல் எட்வர்டு ஸ்ட்ராங் வெளியிட்ட ஆர்வ வினாப்பட்டியல், ஒருவரின் விருப்பு வெறுப்புகளை ஒவ்வொரு தொழிலிலும் ஏற்கெனவே உள்ளவர்களின் விருப்பு வெறுப்புகளுடன் ஒப்பிட்டது. ஜான் ஹாலண்டு 1959 இல் மனிதரையும் பணிச்சூழல்களையும் ஆறு வகைகளாகப் பிரித்தார். இன்று இணையத்தில் காணப்படும் 'உங்களுக்கு ஏற்ற தொழில் எது?' வகைத் தேர்வுகள் பல இவ்வகைப்பாட்டைத் தழுவியவையே. தொழில் தெரிவு ஒரு நாளில் முடிவதன்று, வாழ்நாள் முழுதும் வளரும் ஒன்று என்ற கருத்தை டொனால்டு சூப்பர் 1950களில் முன்வைத்தார்.

பொருத்திப் பார்க்கும் முறைக்கு வலுவான மறுப்புகளும் எழுந்தன. பெரும்பாலோர் தொழிலைத் தெரிவு செய்வதில்லை, குடும்ப நிலையும் பள்ளியும் உள்ளூர் வேலைவாய்ப்பும் திறந்துவிடும் வாயில் வழியே செல்கின்றனர் என்று பிரித்தானியச் சமூகவியலாளர் கென் ராபர்ட்ஸ் 1968 இல் வாதிட்டார். ஆறு முதல் எட்டு வயதுக்குள்ளேயே குழந்தைகள் 'இது ஆண்கள் வேலை, இது பெண்கள் வேலை' என்று பலவற்றை ஒதுக்கிவிடுகின்றனர் என்பது லிண்டா காட்ஃபிரட்சன் 1981 இல் வெளியிட்ட கோட்பாடு. இது சரியெனில், பள்ளி இறுதியில் தரப்படும் ஆலோசனை பல ஆண்டுகள் தாமதமாகவே வருகிறது.

தமிழ்நாட்டில்

இந்தியாவில் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1945 இல், இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்காகத் தொடங்கப்பட்டன. பின்னர் அவை பொதுமக்களுக்கும் விரிந்தன. வழிகாட்டலும் அவற்றின் பணிகளுள் ஒன்று எனினும், மக்கள் மனத்தில் அவை பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் இடமாகவே நிலைத்துவிட்டன.

1978 இல் மேல்நிலைக் கல்வி அறிமுகமான பின், பத்தாம் வகுப்பு முடித்தவுடன் 15, 16 வயதில் பாடப்பிரிவைத் தெரிவு செய்ய வேண்டியதாயிற்று. கணிதம் இல்லாத பிரிவில் சேர்ந்தவருக்குப் பெரும்பாலான பொறியியல் படிப்புகளும், உயிரியல் இல்லாத பிரிவில் சேர்ந்தவருக்கு மருத்துவமும் பொதுவாக எட்டாமற் போயின. ஆனால் பல பள்ளிகளில் மாணவர் பிரிவைத் தெரிவு செய்வதில்லை. மதிப்பெண்ணே அவருக்குப் பிரிவை ஒதுக்குகிறது. அறிவியலுக்கு மதிப்பெண் போதாதவர் வணிகவியலுக்கு அனுப்பப்படுகிறார், அவருக்குக் கணக்குப் பதிவியலில் நாட்டம் உண்டா என்று கேட்பதில்லை. பார்சன்சின் முதற்படி இங்கு விடுபட்டுப் போகிறது. மாநில அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் மாணவர்களுக்கான திறன் பயிற்சியும் உயர்கல்வி, தொழில் வழிகாட்டலும் இடம்பெற்றன.