சிவசக்தி நாராயணன்: தொடக்ககால ஆட்டவாழ்க்கை

சிவசக்தி நாராயணன் (பிறப்பு 2001), தமிழ்நாட்டுக் கால்பந்து வீரர், முன்கள ஆட்டக்காரர். சிவகங்கை மாவட்டம் காரைக்குடியை அடுத்த கண்டனூர் சொந்த ஊர். பெங்களூரு எஃப்.சி. அணிக்காக ஆடி, 2022–23 பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக்கின் வளரும் வீரர் விருதைப் பெற்றார். கண்டனூரிலிருந்து அந்த விருது வரையிலான காலத்தை இக்கட்டுரை கூறுகிறது.

தமிழ்நாட்டுக் கால்பந்து என்றால் இரண்டு இடங்கள்தாம் உடனே பேச்சில் வரும். ஒன்று வட சென்னையின் வியாசர்பாடி. தன்பால் கணேஷ் அங்கிருந்து வந்தவர். 2018 மார்ச்சில் இந்தியன் சூப்பர் லீக்கில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் சென்னையின் எஃப்.சி.க்காக கோல் அடித்து, அந்த அணி அந்த ஆண்டு கோப்பை வென்றதிலும் பங்கு கொண்டார். மற்றொன்று குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை. கால்பந்து வீரர் மைக்கேல் சூசைராஜின் மண். கண்டனூர் இருக்கும் செட்டிநாட்டை வீடுகளுக்கும் சமையலுக்கும் அறிந்த அளவுக்குப் பந்தாட்டத்துக்கு யாரும் அறிந்திருக்கவில்லை. கண்டனூர் அப்போது ஒரு பேரூராட்சி. அங்கே நன்றாக ஆடும் பையனுக்கு அடுத்த படி எது என்றால், பக்கத்தில் தொழில்முறை அணி எதுவும் கிடையாது. ஊரை விட்டுக் கிளம்பியாக வேண்டும்.

சிவசக்தி கிளம்பிச் சேர்ந்த இடம் ராமன் விஜயன் நடத்திய கால்பந்துப் பள்ளி. ராமன் விஜயனும் தமிழ்நாட்டுக்காரர், அவரும் முன்கள வீரர். 1997–98 தேசியக் கால்பந்து லீக்கில் எஃப்.சி. கொச்சின் சார்பில் ஆடி, அந்தப் பருவத்தில் அதிக கோல் அடித்தவர் அவர்தான். ஓய்வுக்குப் பிறகு இளைஞர்களுக்குப் பயிற்சி தரும் வேலையில் இறங்கினார். இந்தியாவில் முன்கள ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கப் பயிற்சியாளர்கள் நிறைய இருக்கலாம். தேசிய லீக்கில் கோல்பட்டியலின் உச்சியில் நின்றவரிடம் கற்கும் வாய்ப்பு மிகச் சிலருக்கே கிடைத்தது. சிவசக்தியின் வாழ்க்கைக் குறிப்புகளில் இந்தச் செய்தி ஒரு வரியில் கடந்துபோகிறது. அது ஒரு வரிக்கு மேல் பெறத் தக்கது.

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டுக்கென்று வலுவான ஓர் அணி இல்லாமலும் இல்லை. கோவையைத் தளமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி., 2018–19 ஐ-லீக் பட்டத்தை வென்றது. எட்வின் சிட்னி வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் எனத் தமிழ் வீரர்கள் பலர் அதில் இருந்தார்கள். ஆனால் கோலுக்கு அந்த அணி நம்பியிருந்தது பெட்ரோ மான்சியை. அந்தப் பருவத்தில் 21 கோல் அடித்தவர், ஸ்பெயினிலிருந்து வந்தவர். இது சென்னை சிட்டிக்கு மட்டும் உரிய பழக்கமல்ல. வெளிநாட்டு வீரருக்கான இடம் கிடைத்ததும் இந்திய அணிகள் முதலில் நிரப்பியது முன்களத்தைத்தான். பின்களத்திலும் பக்கவாட்டிலும் இந்தியர்கள் ஆடிப் பழகினார்கள். நடு முன்களத்தில் இந்திய அணித் தலைவர் சுனில் சேத்ரிக்குப் பிறகு யார் என்ற கேள்வி ஆண்டுக்காண்டு அப்படியே கிடந்தது.

2021–22 பருவத்தில் ஒரு விதி மாறியது. களத்தில் ஒரே நேரத்தில் ஐந்து வெளிநாட்டவர் ஆடலாம் என்றிருந்த இந்தியன் சூப்பர் லீக், அதை நான்காகக் குறைத்தது. பதினொருவரில் குறைந்தது ஏழு பேர் இந்தியர்களாக இருந்தாக வேண்டியதாயிற்று. சிவசக்தி பெங்களூரு எஃப்.சி.யில் மேலே ஏறிவந்த காலமும் இதுவே. 2022 ஏப்ரல், மே மாதங்களில் கோவாவில் இளையோருக்கென ரிலையன்ஸ் அறக்கட்டளை வளர்ச்சி லீக் முதன்முறையாக நடந்தது. எட்டு அணிகள் ஆடின. பெங்களூரு பட்டம் வென்றது, கேரளா பிளாஸ்டர்ஸ் இரண்டாமிடம்.

அந்தக் கோடையில் லீட்ஸ் யுனைட்டெட்டை முன்பு நடத்திய சைமன் கிரேசன் பெங்களூருவின் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். பருவம் டியூரண்ட் கோப்பையுடன் தொடங்கியது. 1888-இல் சிம்லாவில் தொடங்கிய இப்போட்டி ஆசியாவிலேயே பழமையானது. பெரிய அணிகள் சில இதை ஒரு பயிற்சிப் போட்டியைப் போலவே கருதின. அதனாலேயே இளைஞர்களுக்கு இது வாசலாகவும் இருந்தது. 2022 செப்டம்பர் 18 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் மும்பை சிட்டிக்கு எதிராக இறுதியாட்டம். முதல் பத்து நிமிடங்கள் கடந்திருந்தபோது பின்களத்தைத் தாண்டி நீளமாக வந்த பந்தைச் சிவசக்தி ஓடி எட்டினார். கோல்கீப்பர் பூர்பா லச்சென்பா முன்னேறி வந்துவிட்டார். சிவசக்தி வேகமாக உதைக்காமல், கோல்கீப்பரின் தலைக்கு மேலாகப் பந்தைத் தூக்கி வலைக்குள் அனுப்பினார். மும்பை சமன் செய்தது. அலன் கோஸ்டாவின் கோலால் பெங்களூரு 2–1 என்று வென்றது. நெடுங்காலம் ஆடியும் பெங்களூருவின் சேத்ரிக்குக் கிட்டாமல் போயிருந்த கோப்பை அன்றுதான் அவர் கைக்கு வந்தது.

லீக்கில் நிலைமை வேறு. முதல் 12 ஆட்டங்களில் பெங்களூரு எடுத்தது 10 புள்ளிகள் மட்டுமே. 2023 ஜனவரியில் கிரேசன் ஆட்டமுறையை ஒழுங்குபடுத்தி, ஃபிஜி நாட்டு வீரர் ராய் கிருஷ்ணாவுக்கு இணையாகச் சிவசக்தியை முன்னால் நிறுத்தினார். அதற்காக சேத்ரி பல ஆட்டங்களில் மாற்று வீரர் இருக்கையில் உட்கார வேண்டியிருந்தது. தன் தலைமுறையின் இந்தியக் கால்பந்தே சேத்ரி என்று ஆகியிருந்த நாளில், ஒரு பயிற்சியாளர் எடுக்கச் சுலபமான முடிவல்ல இது. ஜனவரி 6-இல் நார்த்ஈஸ்ட் யுனைட்டெட்டுக்கு எதிராகச் சிவசக்தி கோல் அடித்தார். அன்று தொடங்கி லீக் கட்டம் முடியும்வரை பெங்களூரு தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்று, 34 புள்ளிகளுடன் நான்காமிடம் பிடித்தது.

அந்த வரிசையில் சென்னைக்காரர்கள் மறக்க விரும்பும் ஆட்டம் ஒன்று உண்டு. ஜனவரி 28 அன்று கண்டீரவா மைதானத்தில் சென்னையின் எஃப்.சி.யை பெங்களூரு 3–1 என்று தோற்கடித்தது. அதில் இரண்டு கோல் கண்டனூர்ப் பையனுடையது. பிப்ரவரி 23-இல் கோவாவுக்கு எதிராகவும் இரண்டு. லீக்கில் மொத்தம் 6 கோல்.

அவர் கோல்களில் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. பந்தை வைத்துக்கொண்டு பலரைத் தாண்டிச் செல்லும் ஆட்டம் அவருடையதல்ல. உயரத்தால் எதிராளியை அடக்குபவரும் அல்ல. கடைசி டிபன்டரின் தோளோரம் நின்று, பாஸ் கிளம்பும் கணத்தில் ஓடத் தொடங்குவார். ராய் கிருஷ்ணா டிபன்டர்களைத் தன் பக்கம் இழுத்ததால் இவருக்கு இடைவெளி கிடைத்தது என்பதும் உண்மை.

வெளியேற்றச் சுற்றில் கேரளா பிளாஸ்டர்ஸையும், அரையிறுதியில் பெனால்டி முறையில் மும்பை சிட்டியையும் கடந்து, பெங்களூரு இறுதியாட்டத்துக்கு வந்தது. 2023 மார்ச் 18, கோவாவின் ஃபடோர்டா மைதானம், எதிரணி ஏ.டி.கே. மோகன் பகான். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே சிவசக்தி காயமடைந்தார். தொடர முடியவில்லை. அவருக்குப் பதிலாகக் களமிறங்கியவர் சேத்ரி. ஆட்டம் 2–2 என்று சமனாகி, பெனால்டியில் மோகன் பகான் 4–3 என்று வென்றது. அந்தப் பருவத்தின் வளரும் வீரர் விருது சிவசக்திக்கு வழங்கப்பட்டது. இறுதியாட்டத்தில் அவர் ஆடிய நேரத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம்.