உண்டியலும் விலைப்பட்டியலும்

உண்டியல் என்னும் சொல் கொழும்புச் செட்டியார் தெருவுக்குப் புதியதன்று. நாட்டுக்கோட்டைச் செட்டிமார் ஏட்டையும் வாக்கையும் நம்பியே கடல்கடந்து பணத்தைக் கைமாற்றினர். 1953ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நாணயமாற்றுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், அனுமதியற்ற செலாவணிக் கொடுக்கல்வாங்கல் குற்றமாயிற்று. எனினும் உண்டியல் ஒழியவில்லை. ஏன்?

அதன் இயக்கத்தை நோக்குவோம். வளைகுடாவில் உழைப்பவரிடம் உண்டியற்காரர் டொலரைப் பெறுகிறார். ஊரிலுள்ள மனைவிக்கு ரூபாவைக் கொடுப்பிக்கிறார். வங்கிக் கட்டணமில்லை; மாற்றுவிலையும் கூடுதல். டொலரோ நாட்டுக்குள் வருவதில்லை. சுங்கவரியைக் குறைக்க விரும்பும் இறக்குமதியாளர் ஒருவர், பத்தாயிரம் டொலர் பெறுமதியான பொருளுக்கு ஆறாயிரம் என விலைப்பட்டியல் எழுதுவிக்கிறார் எனக் கொள்வோம். எஞ்சிய நாலாயிரத்தை வங்கியூடாகச் செலுத்த இயலாது. வெளிநாட்டில் தங்கிய அந்த உண்டியல் டொலரே அக்கடனைத் தீர்க்கிறது. அதற்கு அவர் கொழும்பிற் கொடுக்கும் ரூபாவே அம்மனைவியின் கைக்குப் போய்ச்சேருகிறது.

1972இல் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம், கிளர்ச்சியாளரோடு செலாவணிக் குற்றம் புரிந்தோரையும் (விந்தையான கூட்டுத்தான்!) விசாரிக்க வழிவகுத்தது. ஆயினும், அவ்வாண்டிலேயே இரத்தினக்கல் ஏற்றுமதியாளர் தம் வருவாயில் ஒரு பங்கை மாற்றத்தகு ரூபாக் கணக்கில் வைத்திருக்க அனுமதிக்கப்பட்ட பின்னரே, கள்ளவழியிற் சென்ற கற்கள் சுங்கக் கணக்கில் பெருமளவு தோன்றலாயின.

2021 இறுதியிலிருந்து 2022 மார்ச் வரை டொலரின் விலை 200 ரூபாவளவிற் பிடித்துவைக்கப்பட்டது. 2020இல் ஏறத்தாழ 710 கோடி டொலராயிருந்த பணவனுப்பல் 2022இல் 379 கோடியாக வீழ்ந்தது. கூடிய ரூபா கொடுத்தவரிடம் சென்ற தொழிலாளியைப் பலரும் குறைகூறினர். அந்த டொலரை வாங்கிய இறக்குமதியாளரைப் பற்றிய பேச்சு அருகியே கேட்டது.