6-ம் வகுப்பிலேயே வேலை பற்றிய பாடமா? டெக்னாலஜி வகுப்பில் என்ன நடக்குது? பெற்றோர் எதை கவனிக்கணும்?

"பெரியவனானதும் என்ன ஆகப் போற?" என்று 6-ம் வகுப்பு மாணவனிடம் கேட்டால், டாக்டர், கலெக்டர், போலீஸ் என்று பதில் வரும். இப்போ யூடியூபரும் அந்த லிஸ்ட்டில் சேர்ந்தாச்சு. கண்ணால் பார்த்த வேலையைத்தானே பிள்ளைகள் சொல்ல முடியும்? இந்த லிஸ்ட்டை பெரிதாக்குவதுதான் நடுநிலை வகுப்புகளில் தொழில் அறிமுகத்தைக் கொண்டு வருவதன் நோக்கம்.

என்ன திட்டம் இது?

2020-ல் வந்த தேசிய கல்விக் கொள்கை, 6 முதல் 8-ம் வகுப்புக்குள் எல்லா மாணவர்களும் தொழில் அனுபவம் பெற வேண்டும் என்கிறது. இதில் 10 நாட்கள் புத்தகப் பை இல்லாமல் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றவர்களிடம் வேலை பழகும் யோசனையும் உண்டு.

இதற்காக என்சிஇஆர்டி 'கௌஷல் போத்' என்ற புத்தகத்தைக் கொண்டு வந்தது. உயிரினங்கள், இயந்திரங்களும் பொருட்களும், மனித சேவை என மூன்று பிரிவுகள். ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஒரு ப்ராஜெக்ட், மூன்று ஆண்டுகளில் மொத்தம் 9. இது தவிர, சிபிஎஸ்இ பள்ளிகளில் 6-ம் வகுப்பு முதலே செயற்கை நுண்ணறிவை 15 மணி நேர திறன் பாடமாக எடுக்கலாம்.

வகுப்பில் எப்படி சேர்ப்பது?

தனி பீரியட் தேவையில்லை. நடக்கிற பாடத்தோடு ஒரு கேள்வியைச் சேர்த்தாலே போதும்: "இந்த வேலையை வெளியில் யார் செய்றாங்க?"

உதாரணமாக, கம்ப்யூட்டர் லேபில் எக்செல் சொல்லித் தரும்போது மளிகைக் கடை ஸ்டாக் கணக்கைப் போடச் சொல்லலாம். அங்கிருந்து கணக்காளர், குடோன் மேலாளர், டேட்டா அனலிஸ்ட் என்று பேச்சு விரியும். பேட்டரியில் பல்ப் எரிய வைக்கும் பாடத்தில் எலக்ட்ரீஷியனும் வருவார், மின் பொறியாளரும் வருவார். அதற்கு ஐடிஐ, பாலிடெக்னிக், பி.இ. என மூன்று வழிகள் இருப்பதும் அப்போதே தெரியும். 10-ம் வகுப்பு முடித்து குரூப் தேர்ந்தெடுக்கும்போது இந்தத் தகவல்தான் கைகொடுக்கும்.

தமிழ்நாட்டில் ஏன் எதிர்ப்பு?

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கு. 1953-ல் ராஜாஜி ஆட்சியில் தொடக்கப் பள்ளி நேரம் தினம் மூன்று மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்க வேண்டும் என்றது அந்தத் திட்டம். முடி திருத்துபவர் மகன் அதையேதான் செய்யணுமா என்ற கோபம் கிளம்பியது. 'குலக்கல்வி' என்று பெரியாரும் திமுகவும் எதிர்த்துப் போராடினர். 1954-ல் முதல்வரான காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

தேசிய கல்விக் கொள்கையின் தொழில் பயிற்சி மீதும் இதே சந்தேகம் எழுந்தது. 12 வயதில் தொழில் பழக்கினால் ஏழைப் பிள்ளைகள் மேற்படிப்பை விட்டுவிடுவார்களோ என்பதுதான் அந்தப் பயம். தமிழ்நாடு அரசு 2025 ஆகஸ்டில் தனியாக மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில், பள்ளி அளவிலான உயர்கல்வி வழிகாட்டல் 9-ம் வகுப்புக்கு மேல்தான் வருகிறது.

அறிமுகம் வேறு, ஒதுக்குவது வேறு

பத்து வேலைகளைக் காட்டினால் அது அறிமுகம். "உனக்கு இதுதான் வரும்" என்று ஒன்றைக் கையில் கொடுத்தால் அது ஒதுக்கீடு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புத்தகத்தை விட ஆசிரியர் பேச்சில்தான் அதிகம் தெரியும்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

* ஆண், பெண் எல்லோருக்கும் ஒரே வேலை தருகிறார்களா? பெண்களுக்குத் தையல், ஆண்களுக்கு ரோபோ என்று பிரிக்கிறார்களா?
* மார்க் குறைந்த பிள்ளைகளை மட்டும் தொழில் பயிற்சிக்கு அனுப்புகிறார்களா?
* ஒவ்வொரு வேலைக்கும் என்ன படிக்கணும், எங்கே படிக்கலாம் என்று சொல்கிறார்களா?
* கணிதம், அறிவியல் பீரியட் குறைகிறதா?

8-ம் வகுப்பு முடிக்கும் பிள்ளை எந்த வேலை என்று முடிவு செய்திருக்க வேண்டியதில்லை. 6-ம் வகுப்பில் சொன்ன லிஸ்ட்டை விட இப்போ சொல்லும் லிஸ்ட் நீளமாக இருந்தால், வகுப்பு சரியாகப் போகிறது என்று அர்த்தம்.