கடல் கடந்த கட்டுமரம்

'கேட்டமரான்' என்று எந்த ஆங்கில அகராதியைப் புரட்டினாலும் தமிழ்ச் சொல் என்றே போட்டிருக்கும். கட்டு, மரம் என்று பிரித்தும் காட்டியிருப்பார்கள். ஆனால் பக்கத்தில் தரும் படம் இரட்டை உடல் கொண்ட படகு! நம் கட்டுமரத்துக்கு உடலே கிடையாது. மூன்று, நான்கு மரங்களைக் கயிற்றால் பிணைத்தது அது. கடலோரத்தார் பேச்சில் வெறும் 'மரம்'. அந்தப் பெயர் எப்படி இந்தப் படகில் போய் ஒட்டியது?

சொல்லைக் கப்பலேற்றியவர்களில் முக்கியமானவர் வில்லியம் டாம்பியர். கடற்கொள்ளையராகத் திரிந்து உலகைச் சுற்றியவர். 1690இல் புனித ஜார்ஜ் கோட்டையில் சில மாதம் தங்கினார். 1697இல் அச்சான அவருடைய பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரம் இடம்பெற்றது. ஒரே ஆளைச் சுமக்கும் அளவு சிறியது, அவர் கால்கள் எந்நேரமும் தண்ணீரில்தான் என்று வியந்து எழுதியிருக்கிறார்.

வியப்புக்குக் காரணம் இருந்தது. அன்றைய சென்னைக்குத் துறைமுகம் இல்லை. பாய்க்கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். நடுவே அலை. கயிற்றால் தைத்த மசூலாப் படகுகூடக் கரையை விட்டுக் கிளம்பத் தயங்கும் நாளில் கட்டுமரக்காரர் மரத்தைத் தள்ளுவார். கடிதங்கள் அவர் தலையில், தண்ணீர் புகாதபடி பின்னிய கூம்புத் தொப்பிக்குள் பத்திரமாக இருக்கும். அலை அவரைப் புரட்டிப் போடும்; நீந்தி வந்து மறுபடி ஏறிக்கொள்வார், தொப்பி தலையிலேயே இருக்கும். லண்டனிலிருந்து மாதக்கணக்கில் பயணப்பட்டு வந்த கப்பலை முதலில் வரவேற்றவர் பெரும்பாலும் அவர்தான். மாலுமிகள் அவரையும் மறக்கவில்லை, அவர் ஏறி வந்ததன் பெயரையும் மறக்கவில்லை.

பிறகு அந்தப் பெயர் பிடித்த வேடங்கள்தான் எத்தனை! 1804இல் நெப்போலியன் இங்கிலாந்தின் மேல் படையெடுக்க பூலோன் துறையில் படகுகளைக் குவித்து வைத்திருந்தான். அவற்றைத் தகர்க்க அமெரிக்கரான ராபர்ட் ஃபுல்டன் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு மிதவை வெடி செய்து கொடுத்தார். ஈயத் தகடு பொதிந்த நீண்ட பெட்டி, உள்ளே வெடிமருந்து, குறித்த நேரத்தில் வெடிக்கக் கடிகாரப் பொறி. நீர்மட்டத்தோடு மட்டமாக மிதந்த அந்தப் பெட்டியைக் கடற்படையினர் அழைத்த பெயர், கேட்டமரான். அக்டோபர் 2 அன்று இரவில் அவற்றை மிதக்கவிட்டார்கள். வெடிச்சத்தம் பெரிதாகக் கேட்டது, சேதமோ சொற்பம். மீன் பிடிக்கவும் கடிதம் சுமக்கவும் பிறந்த சொல் வெடிகுண்டுக்குப் பெயரானதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஒப்புவதில்லை.

அதே காலத்தில் சண்டைக்காரப் பெண்ணையும் ஆங்கிலத்தில் அப்படி அழைத்தார்கள். சொல்லின் தலையில் ஒலிக்கும் 'கேட்', அதாவது பூனை, அதற்கு வழிகாட்டியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

இனி இரட்டை உடலுக்கு வருவோம். 1660களிலேயே வில்லியம் பெட்டி அயர்லாந்தில் இரட்டை உடல் கப்பல்களைக் கட்டி ஓட்டினார். அவற்றுக்கு யாரும் இந்தப் பெயர் வைக்கவில்லை. பசிபிக் தீவினர் அதற்கு வெகுகாலம் முன்பே அத்தகைய படகுகளில் பெருங்கடலைக் கடந்தவர்கள். 1876இல் அமெரிக்கரான நதானியேல் ஹெரஷாஃப் 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் பாய்ப்படகை நியூயார்க் பந்தயத்தில் ஓட்டி மற்றப் படகுகளை வெகுதூரம் பின்தள்ளினார். தோற்றவர்கள் ஆட்சேபித்ததால் பரிசு கைக்கு வரவில்லை, புகழ் வந்தது. இரட்டை உடல் படகு என்றாலே கேட்டமரான் என்ற வழக்கு அதன் பிறகுதான் நிலைபெற்றது.

ஆகவே இரட்டை உடல் படகைத் தமிழர் கண்டுபிடித்தார்கள் என்று மேடையில் முழங்குவது சரியல்ல. அந்தப் பெருமை பசிபிக் தீவினருக்கு உரியது. நம்முடையது பெயர்; அதைவிடப் பெரிதாக, அந்தப் பெயருக்குரிய அசல் மரம். ஃபைபர் படகுகள் வந்தபின் அது கரையில் அருகிவிட்டது. ஒவ்வொரு மரத்துக்கும், முடிச்சுக்கும், துடுப்புக்கும் பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் மீனவர் குப்பங்களில் இன்னும் இருக்கிறார்கள். சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுள்ள இளைஞர்கள் அவர்களிடம் போய் உட்கார்ந்து அந்தச் சொற்களை எழுதி வாங்க வேண்டும், இந்த ஆண்டே.